ஜனாதிபதியின் கோட்டுக்குப் பொன்னாடை

தையல் மெசினுக்கு முன்னால் புதிதாக வந்து இருக்கிற பிள்ளைகளே, எனக்குக் கதைக்க வராது. எழுத அதைவிட வராது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன்.

தைக்கிறது எப்படி என்று எழுதப் போவதில்லை. அது கையால் வரும். மெசின் இறுகினால் எண்ணெய் விடுங்கோ. நூல் அறுந்தால் ஊசியை மாற்றிப் பாருங்கோ. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. சில நேரம் நிற்கிற எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள். இப்ப என்ன செய்யிறது என்று கேட்பார்கள். அந்த நேரத்துக்கு இது.

பாரிசில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தேன். மிச்சம் என்கிற இடத்தில், ட்ராம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், உடுப்புத் திருத்துகிற கடை ஒன்றில் வேலை கிடைத்தது. காற்சட்டையைக் கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, சாறி பிளவுஸ், பள்ளிக்கூட உடுப்பு. முதலாளி ஒரு வெள்ளைக்காரர். என்னைவிடக் குறைவாகக் கதைக்கிற மனுசன். இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் சந்தோசமாக வேலை செய்திருக்கிறோம்.

ஒருநாள் மாப்பிள்ளை ஒருவர் ஓடி வந்தார். கலியாண உடுப்போடு. காரில் ஏறும்போது காற்சட்டை பின்பக்கம் கிழிந்துவிட்டது. தேவாலயத்தில் பெண் வந்து நிற்கிறாள். கூட வந்த இரண்டு பேர் கத்துகிறார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். கிழிந்த இடத்தை வெட்டி எடுத்து உள்ளே துண்டு வைப்பதாக நினைப்பு. முதலாளி என் கையில் இருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தார். மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். துணி கிழியவில்லை. தையல்தான் விட்டிருந்தது. ஒரு ஓட்டு ஓட்டினால் சரி. நான் வெட்டியிருந்தால் அந்தக் காற்சட்டை முடிந்திருக்கும்.

"கையில் இருப்பதைக் கீழே வை. பிறகு யோசி" என்றார். அவர் எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். பிறகு கடையை எனக்கே விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அந்தச் சொல்லை எழுதி ஒட்டுகிறதென்றால் மெசினுக்கு மேலே ஒட்டுங்கோ.

இனி நாடகக் கதை. இரண்டாயிரம் பிறந்து சில வருசம் போயிருக்கும்.

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிற ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வருசத்துக்கு ஒரு நாடகம் போடுவார். எழுதுவதும் அவர், பழக்குவதும் அவர். உடுப்பு எங்கள் கடை. அதுவரைக்கும் எல்லாம் ராசா நாடகம். ராசாவுக்குத் தைப்பது லேசு. மினுங்குகிற துணியைச் சுற்றிவிட்டால் ராசா.

அந்த வருசம் கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தமுறை ராசா இல்லை. அமெரிக்க ஜனாதிபதி."

"இப்ப இருக்கிறவரோ?" என்றேன்.

"சீச்சீ. நூறு வருசத்துக்கு முந்தின ஆள். ஜனாதிபதியா இருந்திட்டுப் பிறகு நீதவானா வந்தவர். அந்த நாட்டிலயே பெரிய நீதிமன்றத்துக்குத் தலைமை நீதியரசர். ரெண்டு கதிரையிலயும் இருந்தது அவர் ஒராள்தான்."

"இறக்கி விட்டிட்டாங்களோ?"

"அங்கதான் கதை இருக்கு. அந்தாளுக்கு இளந்தாரி வயசில இருந்து ஒரே ஆசை, நீதவானா இருக்கோணும். மனுசிக்கு ஆசை, வெள்ளை மாளிகைக்குப் போகோணும். மனுசியின்ர ஆசைதான் வெண்டுது."

பக்கத்து மெசினில் வசந்தி சிரித்தாள். வசந்தி தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பிள்ளை. புருசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் இருந்து அலுத்துப்போய் எங்கள் கடைக்கு வந்தவள். கை கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி.

"அப்புறம் அங்க போயாவது சந்தோஷமா இருந்தாரா சார்?"

"எங்க பிள்ளை! அவரைக் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டவர் ஒரு கூட்டாளி. அவரும் முந்தி ஜனாதிபதியா இருந்தவர்தான். பிறகு அந்தக் கூட்டாளியே எதிர்த்து நிண்டார். தேர்தலில இவர் மூண்டாவதா வந்தார்."

"ஐயோ பாவம்."

"பாவமோ? மனுசன் பேசாமப் போய்ப் பிள்ளையளுக்குச் சட்டம் படிப்பிச்சார். உடம்பு மெலிஞ்சார். கன காலம் கழிச்சு அந்த நீதவான் கதிரை கிடைச்சுது. அதுக்குப் பிறகு அவரை மாதிரிச் சந்தோசமான ஆள் இல்லை."

லண்டனில் எங்கட ஆட்களுக்கு எத்தனை சங்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, பட்மின்டன் கழகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். தலைவர் பதவி போன பிறகு ஒரு மனுசன் சந்தோசமாக இருந்தான் என்றால் இஞ்ச ஆர் நம்புவார்?

"சனம் நம்பாது மாஸ்டர்" என்றேன்.

"அதுக்குத்தான் போடுறன்."

"ஆள் என்ன அளவு?"

"அதுதான் பிரச்சினை. சரியான பருமன். அந்தக் காலத்திலயே எல்லாரும் அதைத்தான் கதைச்சவை. ஜனாதிபதியா இருக்கேக்க மலை மாதிரி. நீதவானா வரேக்க மெலிவு. ரெண்டையும் ஒராள் நடிக்கோணும்."

"ஆர் நடிக்கிறது?"

மாஸ்டர் தொப்பியைத் திரும்ப எடுத்துத் தலையில் வைத்தார்.

"குகன்."

குகன் யார் என்று சொல்லவேணும். கிங்ஸ்பரிப் பக்கம் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. ஒல்லி. அவருடைய காற்சட்டைக்கு நான் எப்போதும் இடுப்பைப் பிடித்துத்தான் கொடுப்பேன். நல்ல நடிகர். அதில் சந்தேகமில்லை. ஆனால் போன வருசம் ராசா நாடகத்தில் மந்திரியாக வந்து, நடு மேடையில் வசனம் மறந்துவிட்டார். மறந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். இவர் அப்படியே நின்றார். பின் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"பம்ப் வேலை செய்யேல்லை!"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்றோடு முடியவில்லை. கலியாண வீட்டில் கண்டால், கோயிலில் கண்டால், "என்ன குகன், பம்ப் வேலை செய்யுதோ?" என்பார்கள். குகனும் பல்லைக் காட்டுவார். பிறகு கலியாண வீடுகளுக்கு வருவதை விட்டார். கோயிலுக்கும் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார்.

"இந்தமுறையும் நிண்டாரெண்டா?" என்று கேட்டேன்.

"இனிமேல் மேடையில ஏறமாட்டார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் மாஸ்டர். "தெரிஞ்சுதான் குடுக்கிறன். தெரிஞ்சுதான் அவரும் ஓம் எண்டவர்."

முதல் உடம்பை வசந்தி செய்தாள். தலையணைப் பஞ்சை அடைத்து முன்னுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வயிறு. ஒத்திகையில் குகன் அதைக் கட்டிக்கொண்டு நாலு அடி வைத்தார். வயிறு கீழே இறங்கிவிட்டது. வெள்ளை மாளிகை மந்திரிமாராக நிற்க வேண்டிய நாலு பேரும் தரையில் இருந்து சிரித்தார்கள்.

"ஜனாதிபதிக்கு எத்தினை மாசம்?" என்று ஒருவர் கேட்டார்.

வசந்திக்குக் கோபம். "இருங்க, உங்களுக்கும் ஒண்ணு கட்டி விடுறேன்" என்றாள்.

பிழை பஞ்சில் இல்லை. பருமனானவர்களுக்கு வயிறு மட்டும் இல்லை. முதுகு இருக்கு, தொடை இருக்கு, பிடரி இருக்கு. எல்லாத்தையும்விட நடை இருக்கு. நடையைத் தைக்க ஏலாது. பார்த்துத்தான் எடுக்க வேணும்.

அந்த நேரம் ஊர்ச் சங்கத் தலைவர் காற்சட்டை பெருப்பிக்கக் கடைக்கு வந்தார். மூன்று மளிகைக் கடை வைத்திருக்கிறவர். பெரிய உடம்பு, பெரிய குரல். சங்கம் தொடங்கின நாளில் இருந்து அவர்தான் தலைவர். மாஸ்டரின் நாடகத்துக்கு மண்டபம் எடுத்துத் தருகிறவரும் அவர்தான். நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன்.

"எழும்புங்கோ" என்றேன். எழும்பினார்.

"இருங்கோ." இருந்தார்.

"திரும்ப எழும்புங்கோ. அந்தக் கண்ணாடி வரைக்கும் நடங்கோ."

"என்னப்பா, காற்சட்டை தைக்கிறியோ, எக்சசைஸ் பழக்கிறியோ?"

"இருக்கேக்க இறுகினால் பிறகு என்னைத்தான் பேசுவியள்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

உடுப்பு மாற்றுகிற அறையின் திரைக்குப் பின்னால் குகன் நின்றார். தலைவர் எழும்பும்போது முதலில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றுவார். பிறகு ஒரு மூச்சு. பிறகு தலை. பிறகுதான் மற்றதெல்லாம் வரும். நடக்கும்போது நெஞ்சு முன்னால் போய், கால் பின்னால் வரும். குகன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வசந்தி வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு மெசினை ஓட்டினாள். ஊசியில் நூல் கோக்கவே இல்லை.

இரண்டாவது உடம்பை வலைத்துணியில் செய்தோம். ஸ்பொஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி, முதுகு, தோள், தொடை எல்லாம் வைத்துத் தைத்தோம். பின்பக்கம் முழுக்க வெல்க்ரோ. ஒரு இழுவையில் கழன்றுவிடும். கொக்கியும் நாடாவும் வைக்க வேண்டாம் என்றேன். அவசரத்தில் மனுசருக்கு விரல் வேலை செய்யாது. கை முழுக்கத்தான் வேலை செய்யும். மேடைக்குத் தைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த உடம்பை ஒத்திகைக்குக் கொண்டுபோக வேணும். மடித்தால் ஸ்பொஞ்ச் சுருங்கும். ஆனபடியால் கோட்டைப் போட்டு, ட்ராமில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு போனோம். டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். எங்கள் இரண்டு பேரின் டிக்கெட்டையும் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார்.

"இவருக்கு?"

"இவர் ஜனாதிபதி" என்றாள் வசந்தி, முகத்தில் சிரிப்பில்லாமல், இங்கிலீசில். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

உடம்புக்குள் போனதும் குகன் வேறு ஆள். குரல் மாறியது. அசையாமல் நின்றாலே ஆட்கள் பார்த்தார்கள். ஒரு சொல் மறக்கவில்லை. மாஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரிந்தார். எனக்கும் பயம் போய்விட்டது. பிறகு ஒருநாள் நீதவானின் கறுப்பு அங்கியைப் போட்டுப் பார்க்கக் குகன் தனியாகக் கடைக்கு வந்தார். நான் தோளில் குண்டூசி குத்திக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லும்."

"அந்தப் பஞ்சுக்குள்ள இருக்கேக்க எனக்குப் பயமில்லை. ஆர் பார்த்தாலும் என்னைப் பார்க்கேல்லை எண்டு தெரியும். ஆனா அதைக் கழட்டிப்போட்டு நீதவானா வாற இடம் இருக்கல்லோ. அங்க எல்லாரும் என்னைத்தான் பார்ப்பினம்."

"அங்கி இருக்குத்தானே."

"அதுக்குள்ள நான்தானே இருக்கிறன்."

அங்கிக்கு எடுத்த துணி மெல்லியது. அதை வைத்துவிட்டு பாரமான துணியில் திரும்ப வெட்டினேன். தோளில் ஆரோ கை வைத்த மாதிரி இருக்கட்டும் என்று. அதைத்தான் என்னால் செய்ய ஏலும்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சனம் நிறைந்துவிட்டது. நானும் வசந்தியும் மேடைக்குப் பக்கத்து அறையில். உடுப்புகள் ஒரு கம்பியில். அங்கி சுருங்காமல் இருக்க, கடையில் இருந்து தையல் பொம்மையையும் கொண்டுவந்திருந்தோம். தலை இல்லாத, ஒற்றைக் காலில் நிற்கிற அந்தப் பொம்மைதான்.

முதல் பாதி நன்றாகப் போனது. ஜனாதிபதி ஆகிறதுக்கு முந்தின காலம், பிலிப்பைன்ஸ் தீவில் குகன் வெள்ளை உடுப்போடு ஆளுநராக வந்தார். பிறகு கறுப்புக் கோட்டோடு ஜனாதிபதியாக வந்தார். மனுசி முன்னால் நடக்க அவர் பின்னால் வந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். குகன் கதிரையில் இருந்து எழும்பிய ஒவ்வொரு முறையும் மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் இருந்த தலைவர்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். பக்கத்தில் அவருடைய மனுசி. மேடையை ஒருக்கா பார்த்தா, புருசனை ஒருக்கா பார்த்தா. பிறகு மேடையைப் பார்த்தா.

தேர்தலில் தோற்றார். திரை விழுந்தது. இடைவேளை.

குகன் உள்ளே வந்ததும் வசந்தி ஒரே இழுவையில் உடம்பைக் கழற்றினாள். வேர்வையில் பிழிகிற மாதிரி இருந்தது. ஈரமான ஸ்பொஞ்சை ஒருநாளும் மடித்து வைக்கக் கூடாது. அங்கியை எடுத்துவிட்டு, உடம்பைப் பொம்மையின் மேல் போட்டேன், காற்றுப் படட்டும் என்று. குகன் பெனியனோடு ஒரு மூலையில் இருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் அவரோடு கதைக்கவில்லை. அப்படியான நேரத்தில் நடிகரோடு கதைக்கக் கூடாது. தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்க வேணும்.

அப்போது வெளியே மைக்கில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது.

"அடுத்ததாக எமது சங்கத்தின் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்கள், இன்றைய கதாநாயகனுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

குகன் கண்ணைத் திறந்தார்.

மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "குகன், ஒரு சொட்டு நேரம். சும்மா வந்து நிண்டிட்டுப் போம்."

"கடைசியிலதானே மாஸ்டர் எண்டு சொன்னனீங்கள்?"

"தலைவருக்குக் குரொய்டனில ஒரு பிள்ளையின்ர சாமத்தியச் சடங்காம். இப்ப வெளிக்கிடோணுமாம்."

"அப்ப போகட்டும்."

"எப்பிடியப்பா போகச் சொல்லுறது? மண்டபம் அவர் எடுத்துத் தந்தது. லைற் அவர் தந்தது. சனம் இப்ப கடிச்சுக்கொண்டு நிக்கிற ரோல்ஸும் அவர் தந்தது."

"ரோல்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் வசந்தி. மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடினாள்.

குகன் எழும்பவில்லை. தன் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மாஸ்டர், இப்ப நான் குகனா அந்தச் சனத்துக்கு முன்னால போய் நிண்டனெண்டா, திரும்பி நீதவானா வரமாட்டன். ஆராவது ஒருத்தன் பம்ப் எண்டு சொல்லுவான். அதோட முடிஞ்சுது."

"ஒருத்தரும் சொல்லாயினம்."

"சொல்லுவினம்."

சொல்லத்தான் செய்வார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

"பஞ்சைத் திருப்பி மாட்டி அனுப்பிரலாமா?" என்றாள் வசந்தி. நான் தொட்டுப் பார்த்தேன். நனைந்த கம்பளி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அதைப் போட்டால் நடுங்குவார். போட்டுக் கழற்றினால் இருக்கிற கொஞ்ச மனமும் போய்விடும்.

வெளியே கைதட்டினார்கள். தலைவர் மேடைப் படியில் ஏறுகிற சத்தம் கேட்டது. பலகைப் படி. அவர் ஏறினால் கேட்கும்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்த்தாள். குகனும் பார்த்தார். நான் நடிகனும் இல்லை, சங்கத்து ஆளும் இல்லை. ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. என் கையில் அங்கியும் ஊசியும் இருந்தன. கீழே வைத்தேன்.

யோசிக்க இருந்தது இவ்வளவுதான். தலைவருக்கு வேண்டியது ஒரு தோள், பொன்னாடை போர்க்க. குகனுக்கு வேண்டியது ஒருத்தரும் தொடாமல் விடுவது. இரண்டுக்கும் ஒரே ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றோம். அதுதான் பிழை.

"வசந்தி, கோட்."

"எந்தக் கோட்டு அண்ணே?"

"ஜனாதிபதியின்ர."

அவள் என்னைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. ஈர உடம்பின் மேல் கோட்டைப் போட்டாள். பட்டன் எல்லாம் பூட்டினாள். கழுத்துப்பட்டியையும் கட்டிவிட்டாள்.

"அண்ணை, என்ன செய்யப் போறியள்?" என்றார் மாஸ்டர்.

"தெரியாது. குகனுக்கு அங்கியைப் போட்டு விடுங்கோ" என்றேன்.

பொம்மையின் ஒற்றைக் காலைத் தூக்கினால்தான் நகரும். கட்டிப் பிடித்துத் தூக்கினேன். நெஞ்சில் ஈரம் பட்டது. "ஜனாதிபதி கூட டான்ஸ் ஆடுறீங்க" என்று வசந்தி பின்னால் சொன்னது கேட்டது. அப்படியே மேடைக்குப் போனேன். அளவு நாடா கழுத்தில் தொங்கியது. என் வாழ்க்கையில் மேடையில் ஏறியது அந்த ஒருதரம்தான். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தலைவர் பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பொம்மையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆள் எங்க?"

மெதுவாகத்தான் கேட்டார். மைக் பக்கத்தில் நின்றது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஜனாதிபதி இவர்தான் தலைவர்" என்றேன்.

"இது வெறும் கோட்டெல்லோ!"

"தேர்தலில தோத்திட்டார். ஆள் போயிட்டார். கோட்தான் நிக்குது."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கதையில் நடந்ததைச் சொன்னேன். தலைவரின் முகம் இறுகியது. பொன்னாடை கையிலேயே நின்றது. சரி, அடுத்த வருசம் மண்டபம் இல்லை என்று நினைத்தேன்.

அப்போது முன் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. தலைவரின் மனுசி. வாயைப் பொத்தாமல், கையால் தொடையில் அடித்துச் சிரித்தா. அதோடு மண்டபம் முழுக்கத் தொடங்கியது. பின்னால் இருந்து ஒருவர் கத்தினார்.

"போர்த்துங்கோ தலைவர், அவருக்குக் குளிருது!"

தலைவர் மனுசியைப் பார்த்தார். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகுதான் சத்தம் வந்தது. கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். பொன்னாடையை விரித்துக் கோட்டின் தோளில் போர்த்தினார். வடிவாக இழுத்தும் விட்டார். பிறகு கோட்டின் வெறும் கையைப் பிடித்துக் கை குலுக்கினார். படம் எடுக்கிறவர் பக்கம் திரும்பி நின்றார்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தலைவரின் பேச்சு எவ்வளவு நீளம் என்று சனத்துக்குத் தெரியும். இரண்டொருவர் தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டார்கள்.

"நான் கனக்கச் சொல்ல வெளிக்கிட்டனான்" என்றார் தலைவர். "இவர் ஒண்டும் சொல்லாமல் மரியாதையா நிக்கிறார். நானும் விடுறன்."

சங்கம் தொடங்கிய நாளில் இருந்து அவருக்கு அப்படி ஒரு கைதட்டு விழுந்திருக்காது.

இறங்கும்போது என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"அந்த நடை என்ர நடைதானே?"

பொய் சொல்ல நேரமில்லை. "ஓம்" என்றேன்.

"வடிவா எடுத்திருக்கிறான்" என்றார்.

பிள்ளைகளே, பெரிய மனுசரைக் கண்டு பயந்து ஒருவரைப் பலி கொடுக்கிறதுக்கு முன்னால், அந்தப் பெரிய மனுசருக்கு உண்மையில் என்ன வேணும் என்று பாருங்கோ. கனக்க நேரம் அது சின்ன விசயமாகத்தான் இருக்கும்.

உள்ளே வந்தால், குகன் அங்கியோடு சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. வசந்தி துவாயோடு அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசினாள்.

"சிரிக்காதீங்க. பவுடர் எல்லாம் போகுது. நீதிபதி மாதிரி இருங்க."

"ஏலாது அக்கா."

நான் அங்கியின் தோளைச் சரி பண்ணினேன். மணி அடித்தது. குகன் போனார்.

திரை திறந்தது. ஒரு உயரமான மேசை. பின்னால் கறுப்பு அங்கியில் மெலிந்த ஒரு மனுசன். வேறு ஒருத்தரும் இல்லை. அவ்வளவு நேரம் அந்த மலையைப் பார்த்த சனம் இவரைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்தது.

குகன் வசனத்தைத் தொடங்க வேணும். தொடங்கவில்லை.

மண்டபம் காத்திருந்தது. ஒரு கதிரை கிரீச்சிட்டது. எங்கோ ஒருவர் மெதுவாக "பம்..." என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் "உஸ்" என்றார். என் பக்கத்தில் மாஸ்டர் பிரதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். அவருடைய தோளில் கை வைத்தேன்.

"பொறுங்கோ."

"மறந்திட்டானப்பா!"

"இல்லை. கையைப் பாருங்கோ."

குகனின் இரண்டு கையும் மேசையில் விரிந்து கிடந்தன. பயந்த மனுசனின் கை அப்படிக் கிடவாது. அவர் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும், ஒவ்வொரு வரிசையாக. புது வீட்டுக்குச் சாவி வாங்கினவர் அறை அறையாகப் பார்க்கிற மாதிரி. கதவடியில் தலைவர் காரின் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். போகவில்லை.

குகன் அங்கியின் கையை ஒருக்கா இழுத்துவிட்டார்.

"அவசரம் ஒண்டும் இல்லை" என்றார். "எனக்கு இனி வேற இடத்துக்குப் போற வேலை இல்லை."

மெதுவாகத்தான் சொன்னார். கடைசி வரிசைக்கும் போனது. பிறகு கைதட்டத் தொடங்கினார்கள். குகன் அது முடியும் வரைக்கும் பொறுத்திருந்தார். நீதவான் பொறுக்கிற மாதிரி.

"முதல் வழக்கைக் கூப்பிடுங்கோ."

மாஸ்டர் பிரதியை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பப் புரட்டினார்.

"அண்ணை, அந்த 'அவசரம் இல்லை' எண்ட வசனம் நான் எழுதேல்லையே!"

"அப்ப இப்ப எழுதுங்கோ" என்றேன்.